தீவனத்தில் கலந்து வருவதல்ல நோய் எதிர்ப்பு

சீர்காழி, நாகை, வேதாரண்யம் பக்கமோ, வடக்கே பொன்னேரி, நெல்லூர், பீமவரம் பக்கமோ இறால் தீவனக் கடை ஒன்றில் நுழைந்து பாருங்கள். ஒரு பக்கம் தீவன மூட்டைகள் அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் சுவர் உயரத்துக்கு டப்பாக்களும் பாக்கெட்டுகளும் இருக்கும். பீட்டா குளூக்கான், வைட்டமின் சி, நியூக்ளியோடைடு, ஈஸ்ட் சாறு, பூண்டுச் சாறு, குடலுக்கான புரோபயாட்டிக், மூலிகைக் கலவை என்று உள்ளே இருப்பது மாறும். மேலே எழுதியிருப்பது மட்டும் மாறாது. இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி கூடும், நோய் அண்டாது என்பதே அது.

இதைக் கடைக்காரர் மட்டும் சொல்லவில்லை. நிறுவனத்தின் டெக்னீஷியன் கரையில் நின்று சொல்கிறார். பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளில் கணிசமானவை இதையே வேறு வேறு பொருளை வைத்துச் சொல்கின்றன. ஆன்டிபயாடிக் கூடாது என்றான பிறகு வளர்ப்பு மீனுக்கும் இறாலுக்கும் நோய்த்தடுப்பின் அடுத்த கட்டம் இதுதான் என்ற எண்ணம் கேள்வி இல்லாமல் நிலைபெற்றுவிட்டது. இந்த எண்ணம் தவறு என்பது என் வாதம். இந்தப் பொருள்களில் எதுவுமே வேலை செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. நோயைத் தாங்கும் ஆற்றலைத் தீவனத்தின் மேல் பூசிக் கொடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். அந்த நம்பிக்கையால் பண்ணையாளரின் பணம் போகிறது. பணத்தைவிடப் பெரியதாக, நோயை உண்மையில் தடுத்திருக்கக்கூடிய நாள்கள் போகின்றன.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வைட்டமின் சியைப் பெரும்பாலான மீன்களால் உடலுக்குள் தயாரித்துக்கொள்ள முடியாது. தீவனத்தில் அது இல்லாவிட்டால் முதுகெலும்பு வளையும், காயம் ஆறாது, நோயில் சீக்கிரம் சாகும். 1960-களில் அமெரிக்காவில் ஜான் ஹால்வரும் அவருடைய குழுவினரும் சால்மன், டிரவுட் மீன்களில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். குறை இருக்கும் மீனுக்குக் குறையைத் தீர்த்தால் அது தெம்பாகும். ஆனால் இது சத்துணவு. நல்ல தீவனத்தில் இந்தச் சத்துகள் ஏற்கெனவே தேவையான அளவுக்குச் சேர்க்கப்பட்டே வருகின்றன. ஒரு கிலோ தீவனத்துக்குச் சில பத்து மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்ற இடத்தில் அதைப்போலப் பல மடங்கு கொட்டினால் பல மடங்கு எதிர்ப்பு வரும் என்று எண்ணுவது, குறை தீர்வதையும் ஆற்றல் கூடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. விற்பனைப் பேச்சு முழுக்க நிற்பது இந்தக் குழப்பத்தின் மேல்தான்.

அடுத்து, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். மீனுக்கு முதுகெலும்பு இருக்கிறது. அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். ஒரு முறை பார்த்த கிருமியை அது நினைவில் வைத்திருக்கும். அதனால்தான் மீனுக்குத் தடுப்பூசி போட முடிகிறது. இறாலுக்கு அப்படிப்பட்ட எதிர்ப்பொருளும் இல்லை, மீனுக்கு இருக்கும் நினைவும் இல்லை. அதன் இரத்த அணுக்கள் அந்நியப் பொருளைக் கண்டால் விழுங்கும், சூழ்ந்து மூடும், கறுப்பு நிறமியை உண்டாக்கி அடைத்துவிடும். பாக்டீரியாவின், பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் சர்க்கரைகளை அடையாளம் கண்டதும் இந்த எந்திரம் முடுக்கிவிடப்படும். பீட்டா குளூக்கான் ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படுவது. அதைத் தின்ற இறாலின் உடல், பூஞ்சை வந்துவிட்டது போல எச்சரிக்கையாகிறது. நிஜமாகவே எச்சரிக்கையாகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் சில நாள்களில் அடங்கிவிடும். ஜப்பானிய ஆய்வாளர் மசாஹிரோ சகாய் 1999-ல் இத்துறை பற்றி எழுதிய மீளாய்வை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். இப்பொருள்களை ஆதரித்து எழுதப்பட்டது அது. அதிலேயே, இவை நினைவை உண்டாக்குவதில்லை, இவற்றின் பலன் குறுகிய காலமே நிற்கக்கூடியது என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அளவு மீறினால் எதிர்ப்பு அடங்கிப்போவதும் பதிவாகியிருக்கிறது. குஞ்சு விட்ட நாளிலிருந்து அறுவடை வரை நூறு நாளும் விடாமல் கலக்கச் சொல்பவர்கள், தங்கள் பக்கத்து ஆய்வாளர் எழுதியதையே படித்துப் பார்ப்பதில்லை.

ஓயாமல் முடுக்கிவிடப்படும் எதிர்ப்பு இலவசமாக வருவதும் இல்லை. அணுக்களைப் பெருக்குவதற்கும் நொதிகளை உண்டாக்குவதற்கும் செலவாகும் சக்தி, வளர்ச்சிக்குப் போக வேண்டிய தீவனத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது என்பார்கள். அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விவாதத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. வழக்கமான சோதனை இப்படி இருக்கும். ஆய்வகத்தில் சில தொட்டிகள். தொட்டிக்கு இருபது முப்பது மீன். சுத்தமான நீர், இடைவிடாத காற்று, தினமும் கழிவை உறிஞ்சி எடுத்தல். ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் ஒரு கூட்டத்துக்குச் சாதாரணத் தீவனம், இன்னொன்றுக்குக் கூட்டுப்பொருள் கலந்த தீவனம். பிறகு இரத்தம் எடுத்து, கிருமியை எதிர்க்கும் லைசோசைம் நொதி எவ்வளவு, அணுக்கள் எவ்வளவு விழுங்குகின்றன என்று அளப்பார்கள். கடைசியில் ஏரோமோனாஸ் பாக்டீரியாவை ஊசியால் வயிற்றுக்குள் செலுத்திவிட்டுப் பதினான்கு நாள் வரை எண்ணுவார்கள். ஒரு பக்கம் நூற்றுக்கு எண்பது மீன் செத்தது, மறுபக்கம் ஐம்பது செத்தது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியல்படி இது வெற்றி. கட்டுரை அச்சாகிவிடும்.

இந்த வெற்றியைப் பண்ணையாளரின் கண்ணால் பாருங்கள். பாதி மீன் செத்திருக்கிறது. குளத்தில் பாதி செத்தால் அவர் கடனாளி. அதுவும் சுத்தமான நீரில், ஒரே ஒரு கிருமியோடு, ஊசி வழியாக. குளத்தில் கிருமி வருவது ஊசியிலா? செவுள் வழியாக, குடல் வழியாக, தோலில் பட்ட காயம் வழியாக வருகிறது. தோலின் மேலிருக்கும் வழவழப்பான படலம்தான் மீனின் முதல் அரண். ஊசி அந்த அரணைத் தாண்டியே தொடங்குகிறது. இரத்தத்தில் லைசோசைம் கூடியது என்பதை நோய் குறைந்தது என்று வாசிப்பதும் தவறு. அளவீடு ஒன்று கூடியது, அவ்வளவுதான். அது உயிரைக் காத்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வேண்டுமென்றால் நோய் தானாக வரும் நிஜக் குளங்களில், கூட்டுப்பொருள் போட்ட குளங்களையும் போடாத குளங்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, முழு வளர்ப்புக் காலமும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சோதனை செலவு பிடிக்கும், இடர் நிறைந்தது. தொட்டிச் சோதனைகளின் குவியலோடு ஒப்பிட்டால் அவை மிக அரிது.

இன்னொன்றும் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பூண்டு வேலை செய்கிறது. இஞ்சி, மஞ்சள், துளசி, வேப்பிலை, நிலவேம்பு, முருங்கை, கருஞ்சீரகம் எல்லாம் வேலை செய்கின்றன. கடற்பாசியும் இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானும்கூட. கட்டுரைகளை அடுக்கினால் எதிர்ப்பைக் கூட்டாத பொருள் ஒன்று உலகில் இருக்கிறதா என்றே தோன்றும். எல்லாமே வேலை செய்கிறது என்று ஒரு துறை சொல்லுமானால், அதன் அளவுகோலையே சந்தேகிக்க வேண்டும். பலன் தராத சோதனைகள் பெரும்பாலும் அச்சேறுவதில்லை என்பது எல்லா அறிவியல் துறைகளுக்கும் தெரிந்த நோய். இங்கே அது முற்றியிருக்கிறது. இத்தனை பொருள்கள் இத்தனை ஆய்வுகளில் வென்ற பிறகும் குளங்கள் ஏன் இன்னும் சாகின்றன என்ற கேள்விக்கு, இந்தக் கருத்தை ஆதரிப்பவர்கள் நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆய்வகத்தில் உண்மையாகவே வேலை செய்த பொருள் குளத்துக்கு வரும்போது என்ன ஆகிறது? பண்ணையாளர் பொடியை வாங்கி, பைண்டர் என்ற ஒட்டுப்பொருள் சேர்த்து, சிலர் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, தீவனக் குருணைமேல் தெளித்துக் கலந்து, நிழலில் உலர்த்தி வீசுகிறார். மீன் குருணையை அப்படியே விழுங்கும். இறால் அப்படித் தின்பதில்லை. காலால் பிடித்து, வாய்க்கு வெளியே வைத்துக் கொறித்துக் கொறித்துத் தின்னும். ஒரு குருணையை முடிக்க நேரம் எடுக்கும். அதற்குள் நீரில் கரையக்கூடியது கரைந்து போகும். தீவனம் தின்னப்படுகிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரேயை ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், தீவனம் அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்கிறது. தீவன ஆலையிலேயே சேர்த்துவிட்டாலும் கேடு வேறு வழியில் வருகிறது. குருணை அச்சில் ஏறும் சூட்டில் லாக்டோபேசில்லஸ் போன்ற உயிர்கள் தாங்குவதில்லை. பேசில்லஸின் வித்துகள் தாங்கும். டப்பாவின் மேல் அச்சிட்ட எண்ணிக்கைக்கும் இறாலின் குடலை அடையும் எண்ணிக்கைக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை.

இனி நோய்களுக்கு வருவோம். நம் கரையில் இறாலைக் கொல்பவை, நஷ்டப்படுத்துபவை எவை?

வெள்ளைப்புள்ளி வைரஸ் 1994-ல் இந்தியாவுக்கு வந்தது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் டைகர் இறால் வளர்ப்பை அது புரட்டிப்போட்டது. வீடு, நிலம் அடகு வைத்துக் குளம் வெட்டியவர்கள் சில நாள்களில் எல்லாவற்றையும் இழந்தார்கள். வைரஸ் எப்படி வந்தது, எப்படிப் பரவியது? கடலிலிருந்து பிடித்த தாய் இறால், அதன் குஞ்சுகள், வாய்க்கால் நீரோடு வந்த நண்டு, காட்டு இறால், செத்த இறாலைக் கவ்விக்கொண்டு ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் பறந்த காகமும் கொக்கும், நோய் கண்ட குளத்தைத் திறந்து பொது ஓடையில் விட்ட பக்கத்துப் பண்ணை. ஒவ்வொன்றும் வெளியிலிருந்து உள்ளே வரும் வழி. அவற்றில் ஒன்றைக்கூடத் தீவனத்தால் அடைக்க முடியாது. வைரஸ் உள்ளே வந்துவிட்டால் இறந்ததை மற்ற இறால்கள் தின்னும், ஒரு வாரத்துக்குள் குளம் வெறுமையாகும். அந்த வேகத்தை எதிர்த்து நிற்கக்கூடிய ஆற்றல் எந்த டப்பாவில் இருக்கிறது?

ஈ.ஹெச்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நுண்ணுயிரி வேறு வகை. தாய்லாந்து இறாலிலிருந்து 2009-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அது இறாலை ஒரே அடியாகக் கொல்வதில்லை. கல்லீரல்-கணையத்தின் குழல் செல்களுக்குள் புகுந்து, அங்கே பெருகி, செரிமானத்தைக் கெடுத்து, வளர்ச்சியை நிறுத்திவிடும். தீவனம் போய்க்கொண்டே இருக்கும், இறால் வளராது, ஒரே குளத்தில் சிறிதும் பெரிதுமாக நிற்கும். வெள்ளைக் கழிச்சலோடு இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். இதுவரை குளத்தில் இதைத் தீர்க்கும் நம்பகமான சிகிச்சை இல்லை. கல்லீரல் டானிக், குடல் டானிக் என்ற பெயர்களில் பொருள்கள் விற்பது இந்தப் பயத்தில்தான். செல்லுக்குள்ளே ஒளிந்து வாழும் உயிரியைக் குடலில் வழியும் பொடி எப்படி அண்டும் என்று யாரும் விளக்குவதில்லை. இதற்கு வேலை செய்வது எது என்று தெரிந்தே இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு குளத்தைக் காயவிட வேண்டும். ஹெக்டேருக்கு ஆறு டன் அளவுக்குச் சுட்ட சுண்ணாம்பு போட்டு, மேல்மண்ணை உழுது கலந்து, ஈரமாக்கி, மண்ணின் பி.எச். 12-ஐத் தொடச் செய்து, சில நாள் விட்டு, மறுபடி காயவிட வேண்டும். அடித்தட்டில் கிடக்கும் வித்துகளை அழிக்க ஆய்வாளர்கள் பரிந்துரைப்பது இதைத்தான். தாய் இறாலுக்குக் கொடுக்கும் உயிருள்ள புழுவிலிருந்தும் ஈ.ஹெச்.பி. வரும் என்பதால், ஹேட்சரியில் குஞ்சையும் தாயின் கழிவையும் பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும். சுண்ணாம்புக்கும் சோதனைக்கும் செலவிட வேண்டிய பணம் டப்பாவுக்குப் போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் ஐந்து டன் பிடிக்கும் பண்ணை. கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையத் தீவனம் என்று வைத்தால் ஏழு டன் தீவனம். கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் ஒரே ஒரு கூட்டுப்பொருளைக் கடைசிவரை கலந்தால் எழுபது கிலோ. கிலோ 500 ரூபாய் என்றாலும் 35,000 ரூபாய். நடைமுறையில் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. குடலுக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று, எதிர்ப்புக்கு ஒன்று, ஓடு கழற்றுவதற்கு ஒன்று. பெரும்பாலும் இது கடனில் நடக்கிறது. தீவனத்தைக் கடனுக்குக் கொடுக்கும் கடையே இவற்றையும் சேர்த்துக் கட்டும்போது, வேண்டாம் என்று சொல்லும் பலம் சிறு பண்ணையாளருக்கு இல்லை. அறுவடை தவறினால் கடன் அவருடையது, விற்றவருடையது இல்லை.

தீவனக் கூட்டுப்பொருள்களை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. ஆன்டிபயாடிக்குக்கு மாற்று வேண்டாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எச்சங்கள் இருந்ததால் இந்திய இறால் சரக்குகள் திருப்பி அனுப்பப்பட்டன. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் வளர்ப்பு இறால் சரக்குகளில் சோதனைக்கு எடுக்கும் பங்கை 10-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுவது மனிதருக்கும் ஆபத்து. ஆன்டிபயாடிக்கை விட்டே ஆக வேண்டும். அதை விட்டவர்கள் எப்படி விட்டார்கள் என்பதற்கு நம் முன் பெரிய சான்று ஒன்று இருக்கிறது.

நார்வே 1987-ல் சால்மன் வளர்ப்பில் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தியது. அன்று அங்கே உற்பத்தி ஐம்பதாயிரம் டன் அளவில்தான் இருந்தது. இன்று பத்து லட்சம் டன்னைத் தாண்டி வளர்க்கிறார்கள். ஆன்டிபயாடிக் பயன்பாடோ அண்மைக் காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு டன்னுக்கும் கீழே. இது தீவனக் கூட்டுப்பொருளால் நடந்திருக்குமானால் நடந்திருக்க வேண்டிய நாடும் நார்வேதான். ஏனென்றால் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த பீட்டா குளூக்கான் சால்மனில் எதிர்ப்பைக் கூட்டுகிறது என்று 1990-ல் காட்டியவர்கள் நார்வேயின் டிராம்சோ ஆய்வாளர்களே. அந்தச் சோதனையிலும் குளூக்கான் ஊசியாகத்தான் போடப்பட்டது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பொருள் கையில் இருந்தது, அதை உருவாக்கியவர்கள் அங்கேயே இருந்தார்கள், வாங்கப் பணமும் இருந்தது. அப்படியிருந்தும் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கீழே இறக்கியது தடுப்பூசி. விப்ரியோ பாக்டீரியா நோய்களுக்கான தடுப்பூசிகளும், 1990-களின் தொடக்கத்தில் ஃபுருங்குலோசிஸ் நோய்க்கு எண்ணெயில் கலந்த தடுப்பூசியும் வந்தன. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு சால்மன் குஞ்சும் கடலுக்குப் போகும் முன் வயிற்றில் ஊசி வாங்கிக்கொண்டுதான் போகிறது. கூண்டுகளுக்கு இடையே தூரம், வயது கலக்காமல் வளர்த்தல், ஒரு பிடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடத்தைத் தரிசாக விடுதல் ஆகியவையும் சேர்ந்தே வந்தன.

அதே சால்மனில் கணையத்தை அழிக்கும் ஐ.பி.என். என்ற வைரஸ் நோய் இருந்தது. 2008, 2009 வாக்கில் ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் அந்நோயைத் தாங்கும் தன்மை மரபில் ஒரு குறிப்பிட்ட இடத்தோடு இணைந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரபுள்ள முட்டைகளை வாங்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் நோய் வெகுவாகக் குறைந்தது. நோய் எதிர்ப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளது இதுதான். தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகிறது, தீவனத்தை நிறுத்தினாலும் நிற்கிறது. மறுபக்கம் கடல் பேன் இருக்கிறது. அதற்கு நம்பகமான தடுப்பூசி இன்னும் கைகூடவில்லை. எதிர்ப்பைக் கூட்டுவதாகச் சொல்லும் சிறப்புத் தீவனங்கள் பல வருடங்களாகச் சந்தையில் இருக்கின்றன. உலகின் பணக்கார மீன் வளர்ப்புத் துறை இன்றும் கடல் பேனோடு போராடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் நாட்டு இறாலிலும் சான்று இருக்கிறது. டைகர் இறால் சரிந்த பிறகு துறை மீண்டது எதனால்? 2009-ல் வெனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லை என்று உறுதிசெய்யப்பட்ட தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே ஹேட்சரிகளுக்குப் போகின்றன. வெனாமி வளர்க்கும் பண்ணைக்கு நண்டு வேலி, பறவை விரட்டும் கயிறு, நீரைத் தேக்கிச் சுத்திகரிக்கும் குளம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு ஆகியவை வேண்டும் என்றும், சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் கூடாது என்றும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் விதித்தது. இவை அனைத்தும் கிருமி வரும் வழியை அடைக்கும் ஏற்பாடுகள். இவை ஒழுங்காக நடந்த இடங்களில் துறை நின்றது. வாய்க்கால் நீரை நேராக ஏற்றி, வேலியைக் காகிதத்தில் மட்டும் காட்டி, கழிவை அதே வாய்க்காலில் விட்ட இடங்களில் வெள்ளைப்புள்ளி திரும்பத் திரும்ப வந்தது. இரு வகைக்கும் தீவனக் கடை ஒன்றுதான்.

மீன் குளங்களுக்கும் இது பொருந்தும். கெண்டை, ரோகு வளர்ப்பவர்களிடம் நோய் எப்போது வந்தது என்று கேட்டால், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறிய வாரத்துக்குப் பிறகுதான் என்பார்கள். உயிர்வளி லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது, அம்மோனியா ஏறும்போது, நெருக்கடியில் மீனின் உடலில் கார்ட்டிசால் கூடும். கார்ட்டிசால் எதிர்ப்பை அடக்கும். ஒரு பக்கம் கூட்டம் கூட்டமாக அடைத்து, அடிச்சேற்றைக் கறுக்கவிட்டு எதிர்ப்பை அடக்கிக்கொண்டே, மறுபக்கம் தீவனத்தில் எதிர்ப்பைக் கூட்டப் பார்ப்பது, அடிப்பலகை பெயர்ந்த படகில் நீரை இறைத்துக்கொண்டே துடுப்பை மாற்றுவது போன்றது. அந்தக் குளத்துக்கு வேண்டியது குறைந்த குஞ்சும், சேறு அள்ளுதலும், இன்னொரு ஏரேட்டரும். தடுப்பூசியும் மீனுக்கு வரும் வழியில் இருக்கிறது. கொடுவாக் குஞ்சுகளைக் கொல்லும் நரம்புச் சிதைவு வைரஸுக்குச் சென்னையில் உள்ள உவர்நீர் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. ஏரோமோனாஸைத் தாங்கும் ரோகு வம்சங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வு புவனேஸ்வரத்தில் நடந்திருக்கிறது. அரசின் பணமும் ஆய்வாளரின் காலமும் போக வேண்டிய திசை அது. இன்னுமொரு மூலிகையைத் தொட்டியில் சோதிப்பதற்கு அது போகக்கூடாது.

புரோபயாட்டிக்கைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அநியாயமாகிவிடும். நீரிலும் அடித்தட்டிலும் பேசில்லஸ் போடுவது கழிவைச் சிதைக்கிறது, விப்ரியோவின் ஆதிக்கத்தைக் குறைக்க உதவலாம். அதைச் சூழல் பராமரிப்பாகச் சொல்லி விற்றால் எனக்குச் சண்டையில்லை. எதிர்ப்புச் சக்தி என்ற பெயரில் விற்கும்போதுதான் சண்டை.

நான் போட்டேன், நோய் வரவில்லை என்று சொல்லும் பண்ணையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் போடாதவருக்கும் வராமல் இருந்திருக்கலாம். மேலும் டப்பாவுக்குச் செலவு செய்யக்கூடியவர்தான் ஏரேட்டருக்கும் நல்ல ஹேட்சரிக் குஞ்சுக்கும் செலவு செய்கிறார். எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியாது, நம்மாலும் முடியாது. ஒரே பண்ணையில் இரண்டு குளத்தில் போட்டு, இரண்டில் போடாமல், மற்றதெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். அப்படிப் பார்க்கும்படி விற்பவர் எவரும் சொல்வதில்லை.

என்னை மிகவும் வருத்துவது பணம் போவதல்ல. குளத்தில் இறால் ஓரம் ஒதுங்குகிறது, தீவனம் குறைகிறது. அந்த நேரத்தில் மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், மதகை அடைக்க வேண்டும், பக்கத்துக்காரரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக டோஸைக் கூட்டி மூன்று நாள் பாருங்கள் என்ற அறிவுரை வருகிறது. அந்த மூன்று நாளில் வைரஸ் ஓடை முழுக்கப் போய்விடுகிறது. தன் குளத்தைக் காப்பாற்ற வாங்கிய பொடி, அறியாமலே ஊரின் குளங்களைக் காவு கொடுக்கிறது. அந்தப் பண்ணையாளர் கெட்டவர் இல்லை. அவர் கையில் தவறான நம்பிக்கையை வைத்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் கலக்கவில்லை என்று பதிவு பெற்றிருக்கிறோம் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை, வேலை செய்யும் என்ற சான்றாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தீங்கான பொருள் இல்லை என்பதும் நோயைத் தடுக்கும் என்பதும் வேறு வேறு. நோயைத் தடுக்கும் என்று அச்சிட விரும்பும் நிறுவனம், நிஜக் குளங்களில் செய்த ஒப்பீட்டுச் சோதனையின் முடிவைப் பொதுவில் வைத்த பிறகே அச்சிட வேண்டும் என்று கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் விதிக்கலாம். மனித மருந்துக்கு அதைத்தான் கேட்கிறோம். இரண்டு வருடம் இந்த விதி நடைமுறையில் இருந்தால் அலமாரியில் எது மிஞ்சும் என்று பார்த்துவிடலாம்.

இதெல்லாம் பெரிய பண்ணைக்குச் சரி, ஒரு ஏக்கர் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் வேலியும் தேக்கக் குளமும் எப்படி அமைப்பார், அவருக்கு டப்பாதானே எளிது என்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. 2000-களின் தொடக்க ஆண்டுகளில், வெள்ளைப்புள்ளியில் நொந்துபோன சிறு பண்ணையாளர்களோடு கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் ஆசிய பசிபிக் நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையங்களின் வலையமைப்பும் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து மொகல்தூருவில் வேலை செய்தன. ஒரே ஓடையை நம்பியிருந்தவர்கள் சேர்ந்து குழு அமைத்தார்கள். அறுவடைக்குப் பின் கருஞ்சேற்றை அள்ளினார்கள். குஞ்சை மொத்தமாகச் சோதித்து வாங்கினார்கள். ஒரே காலகட்டத்தில் எல்லோரும் விட்டார்கள். நீரை வடிகட்டி ஏற்றினார்கள். ஒரு குளத்தில் நோய் கண்டால் எல்லோருக்கும் தகவல் போனது. அந்த நீரை ஓடையில் திறந்துவிடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். நோய் குறைந்தது, விளைச்சல் கூடியது. அந்த முறையைப் பரப்புவதற்கென்றே 2007-ல் நாக்சா என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, குழுக்கள் மற்ற மாவட்டங்களுக்கும் போயின. அவர்கள் செய்தவற்றில் ஒன்றுக்கும் டப்பா தேவைப்படவில்லை. பக்கத்துக் குளத்துக்காரரின் தொலைபேசி எண் தேவைப்பட்டது.